அங்கம்மா கேட்ட சீட்டு

என் மனைவி அங்கம்மாவைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் சொல்கிறேன், அவள் சொல்ல மாட்டாள்.

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தாள். பக்கத்து மிலிட்டரி குவார்ட்டர்ஸ்காரர்கள் தூக்குச்சட்டியோடு வந்து நிற்பார்கள். அடுப்புக்கு விறகு, ஏரிக்குள் வனத்துறை வளர்த்த கருவேலங்காட்டிலிருந்து வந்தது. காய்ந்து விழுந்த சுள்ளியை மட்டும்தான் எடுப்பாள். எவளாவது பச்சைக் கிளையில் கை வைத்தால் அவளை நாறடித்துவிடுவாள். “மரம் கீற வரிக்கும்தாண்டி நம்ம அடுப்பு எரியும்” என்பாள். விறகு விற்கும் தொட்டியில் காசுக்கு வாங்கி எரித்தால் கடைக்குக் கட்டுப்படியாகாது.

எண்பத்தொன்பதில் காட்டுக்கு வேலி போட வந்தார்கள். ரேஞ்சர் நல்ல மனுஷன். பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டி, “காடும் பிழைக்கணும், நீங்களும் பிழைக்கணும். சுள்ளியை நம்பி இருக்கிறவங்க யாருன்னு சொல்லுங்க, சீட்டு தர்றேன். சீட்டு இல்லாம யாரும் உள்ள வரக்கூடாது” என்றார். இதைவிட நியாயமாக எந்த அதிகாரி பேசுவார்?

எங்கள் ஊர் ஆண்களின் கொழுப்பு இருக்கிறதே! நேற்று வரை வயலில் கூலிக்கு நின்றவர்கள், இன்று தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குப் பேண்ட் போட்டுக்கொண்டு போகிறோம். பெண்டாட்டி சுள்ளி பொறுக்குகிறாள் என்று சபையில் எவன் சொல்வான்? சம்பத் முதலில் எழுந்து, “எங்க ஊட்ல கேஸ் கீது சார்” என்றான். கேஸாவது மண்ணாவது! பதிந்துவிட்டு மூன்று வருஷமாகக் காத்துக்கிடந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அங்கம்மா எழுந்தாள். “எனக்கு வோணும் சார். என் கடையே அத்த வச்சித்தான் ஓடுது.”

மண்ணூர்பேட்டைக் கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது. சிரித்துக்கொண்டே, “அது பொழுது போவாம பொறுக்குது சார். நான் கம்பெனில கீறேன், எங்களுக்கு இன்னா கொற?” என்றேன். சபையே சிரித்தது. அங்கம்மா உட்கார்ந்துவிட்டாள். இந்த ஊருக்குச் சீட்டு வேண்டாம் என்று ரேஞ்சர் எழுதினார். முதல் கையெழுத்து என்னுடையது. பாவி நான்!

வேலி வந்தது. இரண்டு மாதம் தொட்டி விறகில் தள்ளிப் பார்த்தாள். மூன்றாம் மாதம் கடையை மூடினாள். எந்தக் குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு இட்லி கொடுத்தாளோ அவர்கள் வீட்டிலேயே பாத்திரம் தேய்க்கப் போனாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

மூன்று வருஷம் கழித்து, பொறுக்க முடியாமல் ரேஞ்சரிடம் போய் உண்மையைச் சொன்னேன். “அன்னிக்கே சொல்றதுக்கு என்னய்யா?” என்று சத்தம் போட்டார். அதே பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டி என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அங்கம்மா பெயரிலேயே சீட்டு எழுதித் தந்தார்.

ஓட்டமாக வந்து அவளிடம் நீட்டினேன். கை துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

“ஊரு முன்னாடி நின்னு கேட்டேன். நீ சிரிச்ச. இப்ப எனக்கு இன்னாத்துக்கு? நீயே போயி பொறுக்கு.”

போனேன். ஞாயிற்றுக்கிழமை முள் கிழிக்க ஒரு கட்டு பொறுக்கி, ஊர் பார்க்கத் தலையில் சுமந்து வந்து வாசலில் இறக்கினேன். வேலைக்குக் கிளம்பிய அங்கம்மா அதைத் தாண்டிப் போனாள். தெருமுனை வரை போனவள் நின்று, பக்கத்து வீட்டுப் பூங்காவனத்தைக் கூப்பிட்டாள்.

“யக்கா, எங்க ஊட்டாண்ட வெறகு கெடக்குது. வோணும்னா எட்துகினு போ.”