தணிகாசல ஆசாரியாரின் மூச்சு

சின்ன காஞ்சிபுரம் பொற்கொல்லர் தணிகாசல ஆசாரியார் நேற்று விடியற்காலையில் காலமானார். நான் என் சேலைக் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது அவருடைய மைத்துனர் வந்து சொன்னார். எதிர்பார்த்த செய்திதான். இருந்தும் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

நான் தலைச்சுமையாகச் சேலை விற்ற காலத்திலிருந்து அவரை அறிவேன். நெசவுக்கு வாங்கும் சரிகையில் ஒரு துண்டை அவரிடம் கொடுப்பேன். விளக்குச் சுடரில் ஊதுகுழலை வைத்து ஊதி உருக்கி, வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று மாற்றுப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஒருமுறை மலிவாக வாங்கிய சரிகையைப் பெருமையோடு நீட்டினேன். "முதலியாரே, இதுல இருக்கிற வெள்ளியைவிட உங்க தலையில ஜாஸ்தி இருக்குது" என்றார்.

அவர் ஊதுவதைப் பார்க்க வேண்டும். கன்னத்தில் தேக்கிய காற்று வாயால் போகும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்வார். சுடர் ஆடாது, அறாது.

வறட்டு இருமல் பற்றிக்கொண்டு, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியதும், ரயிலேற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே தண்ணீர்த் தொட்டியில் ஓர் உருளையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒரே மூச்சாகக் குழாயில் ஊதினால் உருளை மேலே எழும். எவ்வளவு எழுகிறதோ அவ்வளவுதான் நெஞ்சு கொள்ளும் காற்று. குழாயைக் கண்டதும் ஆசாரியாருக்குத் தொழில் வந்துவிட்டது. கன்னம் உப்பியது, மூக்கு இழுத்துக்கொண்டே இருந்தது, உருளை உச்சிக்குப் போயிற்று. நெஞ்சில் கோளாறில்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தோம். மறுநாளே அவர் பட்டறையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வைகாசி கருட சேவைக்குள் நகக்கண்கள் நீலம் பாரித்துவிட்டன. பேச்சின் நடுவில் மூச்சு அறுந்தது. மறுபடி போனோம். இம்முறை ஊதும்போது டாக்டர் அவர் முகத்தையே கவனித்தார். பிறகு அவருடைய மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஊதச் சொன்னார். உருளை சற்றே எழுந்து, நின்றுவிட்டது.

ஆசாரியார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதான் முதலியாரே, நெஜமான மாத்து" என்றார்.

நுரையீரல் இறுகிச் சுருங்கிக்கொண்டே வருகிறது, மருந்தில்லை என்றார் டாக்டர். முதல் தடவையே தெரிந்திருந்தால் என்று கேட்டேன். அப்போதும் இல்லை என்றார். எதையும் பேசி முடிக்கிறவன் நான். அங்கே பேரத்துக்கு இடமில்லை.

கடைசி மாதங்களில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே இருந்தார். தினமும் போவேன், போனதும் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். ஒருநாள் கையமர்த்தினார். விட்டு விட்டுத்தான் சொன்னார்: "ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம், முதலியாரே. தினம் வாங்க. கடை விஷயம் பேசிக்கினே இருங்க. என்னாண்ட பதில் மட்டும் கேக்காதீங்க."

சம்மதித்தேன்.

நேற்று பாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சூரத்திலிருந்து புதுச் சரிகை வந்திருப்பதைச் சொன்னேன். போய் வாருங்கள், ஆசாரியாரே. பேசுவது என் பொறுப்பு, பதில் கேட்பதில்லை. ஏற்பாடு அதுதான்.