எண்ணெய்த் தலைகள் காட்டிக்கொடுத்த வாடகை

குற்றாலத்தில் சீசனுக்கு வீடு விடுகிறவளுக்கு அருவியில் தண்ணீர் விழுந்தால் மட்டும் போதாது, மேனேஜர் வாயிலிருந்து உண்மையும் விழ வேண்டும். குத்துக்கல்வலசையில் குடியிருக்கும் எனக்கு ஐந்தருவி போகும் வழியில் ஒரு சின்ன வீடு உண்டு. ஆள் பிடித்து, வாடகை வாங்கி, தன் கமிஷன் போக மீதியை வாராவாரம் எனக்கு அனுப்ப ஒரு மேனேஜர் அண்ணாச்சி. அந்தக் காசில்தான் மகளின் ஸ்கூல் பீஸ். நாலு வாரமாக ஒன்றும் வரவில்லை. வீட்டை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருக்கும் அக்கா தங்கச்சிகளே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

தண்ணீர் இல்லாத சீசன்

போன் போட்டேன். "அருவியில தண்ணியே இல்லம்மா, ஒரு ஆளு வரல" என்றார். நான் அப்போது நின்றது தென்காசி பஸ் ஸ்டாண்டில். குற்றாலம் பஸ்ஸிலிருந்து ஈரத்தலையோடு ஒரு கூட்டம் இறங்குகிறது. ஒருத்தி துண்டிலிருந்து சொட்டிய தண்ணீர் என் காலிலேயே விழுந்தது. அதைச் சொன்னதும் மனுஷர் கொஞ்சமாவது தடுமாற வேண்டாமா?

"அது மெயின் அருவித் தண்ணிம்மா. நம்ம வீடு ஐந்தருவிப் பக்கம்லா இருக்கு!"

சுவரில் பதினேழு வட்டம்

மகளையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்கே போய், அண்ணாச்சியையும் வரச் சொன்னேன். சீசனுக்கு முன்னால்தான் வெள்ளையடித்த சுவர். அருவிக்குப் போகிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தால் வட்டமாகப் பதிந்துவிடும். எண்ணினேன், பதினேழு. "நான்தான் மத்தியானம் செத்த சாஞ்சேன்" என்றார். என் மகள் மற்றதற்கெல்லாம் கீழே, தன் இடுப்புயரத்தில் இருந்த இரண்டு குட்டி வட்டங்களைத் தொட்டுக் காட்டினாள். அதற்கும் அவர் அசரவில்லை.

"சாஞ்சவன் அப்படியே சறுக்கியிருப்பேன்லா, பாப்பா!"

புதுப் பூட்டு

பேசி ஆகாது என்று புதுப் பூட்டு வாங்கி மாட்டிவிட்டு, சனிக்கிழமை காலையிலேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். நினைத்தபடியே ஒரு வேன் வந்தது. கோவில்பட்டிக் குடும்பம், எட்டுப் பேர், வேனிலேயே எண்ணெய் தேய்த்தாயிற்று. பையைப் போட்டுவிட்டு அருவிக்கு ஓட வேண்டியதுதான் பாக்கி. முழு வாடகையும் அண்ணாச்சிக்குப் போய்விட்டதாம். போன வாரம் இங்கே தங்கிய உறவுக்காரர் சொல்லித்தான் வந்தார்களாம்!

நாலு வாரக் கதையைச் சொல்லிவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அந்தக் குடும்பத்துப் பெரியம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "ஏய்யா, இந்தப் புள்ள காச மொதல்ல குடும். எண்ணெயோட தெருவுல நிக்குதோம்!" பத்து நிமிஷத்தில் அண்ணாச்சி பைக்கில் வந்து இறங்கினார். எட்டு எண்ணெய் முகத்தையும் பார்த்தார். பழைய பாக்கி, அன்றைய வாடகை எல்லாம் அங்கேயே என் போனுக்கு வந்தது. நான் நிதானமாகச் சரிபார்க்க, பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, காசு வந்துட்டா இல்லியா? சீக்கிரம் தொற, எண்ணெய் கண்ணுக்குள்ள எறங்குது!"

பீஸ் கட்டியாயிற்று, இப்போதெல்லாம் திங்கட்கிழமைதோறும் வட்டங்களை எண்ணிவிட்டு அந்தச் சுவருக்கு நானே வெள்ளையடித்துவிடுகிறேன், வந்த தலைகளைக் குறைத்துச் சொல்லாத ஆள் அது ஒன்றுதான்.