வியன்னாவில் மொட்டை மாடி இல்லை

ஐரோப்பாவில் வீடுகளுக்கு மொட்டை மாடி கிடையாது என்ற ஒரே காரணத்துக்காக அந்தக் கண்டத்தையே வேண்டாம் என்று தள்ளியவன் என் மகன் ஒருவனாகத்தான் இருப்பான். அப்போது அவன் மூன்றாம் வகுப்பு. அக்காவின் லேப்டாப்பில் வாடகை வீடுகள் ஒவ்வொன்றாக வரும். சோபா, அடுப்படி, கட்டில், சன்னலுக்கு வெளியே ஒரு தேவாலயக் கோபுரம். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கடைசியில், "மாடி எங்கன இருக்கு?" என்று கேட்பான். சரிவான ஓட்டுக்கூரையைக் காட்டினால், "அப்ப வேணாம்" என்று எழுந்து போய்விடுவான்.

"மாடியில என்னலே பண்ணப் போற? வத்தல் காயப் போடப் போறியா?" என்று ஒருநாள் கத்தினேன். நான் விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டிக்காரர் வீட்டில் பிறந்தவள். அந்த நெடியிலேயே வளர்ந்ததால்தான் எனக்கு இப்படிக் கோபம் வருகிறது என்று சிவகாசியில் என் கணவர் வீட்டார் கேலி பேசுவார்கள். அது பொய் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

இந்தப் பயண ஆசையைக் கிளப்பிவிட்டது என் நாத்தனார். முந்தின வருஷம் அவர் குடும்பம் ஒரு டூர் கம்பெனியோடு ஐரோப்பா போய் வந்தது. காலைச் சாப்பாடு ஒரு நாட்டில், ராத்திரிச் சாப்பாடு இன்னொரு நாட்டில். எந்த ஊர் பிடித்தது என்று கேட்டேன். "பஸ்ஸு நல்லா இருந்துச்சு" என்றார். பிள்ளைகள் அரண்மனை வாசல்களில் தூங்கி வழிகிற போட்டோக்களைக் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

அதைப் பார்த்து ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒரு முடிவுக்கு வந்தாள். நாம் போனால் ஒரே ஊர். அந்த ஊரிலேயே ஒரு வாரத்துக்கு மேல் தங்க வேண்டும். ஓட்டல் வேண்டாம், அடுப்பு உள்ள வீடு வேண்டும். ஒரு நாளைக்குப் பெரிதாக ஒன்றை மட்டும் பார்ப்பது, மத்தியானத்துக்கு மேல் பூங்கா. "தம்பி மியூசியத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்க மாட்டாம்மா. அதுக்கப்புறம் நமக்குத்தான் கஷ்டம்" என்றாள். இவள் எப்போது இவ்வளவு பெரியவளானாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. டிராம் ஓடுகிறது, மிருகக்காட்சி சாலை இருக்கிறது, பெரிய ராட்டினம் இருக்கிறது என்று வியன்னாவை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். என் பங்குக்கு நான் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசையில் அவளோடு உட்கார்ந்து தெருப் பெயர்களைத் தப்பும் தவறுமாக வாசித்த அந்த மாலைகளே எனக்குப் பாதி விடுமுறை.

மீதிப் பாதி என்னவென்றால், என் கணவர். தெரியாத ஊர்த் தெருவில், அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் என் பக்கத்தில் நடந்து வர வேண்டும். நான் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான், வியன்னா எல்லாம் சாக்கு.

அவருக்கு எம். புதுப்பட்டிப் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசு கம்பெனி இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பெரிய லீவு மே மாதம். அந்தப் பேச்சை எடுத்ததுமே, "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் இங்கன இருக்கேன்" என்றார்.

"எதுக்கு? வெயிலுக்குக் காவலா?"

"ஆமா. வெயிலுக்குத்தான்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மே மாதச் சூட்டில் மருந்து சும்மா இருக்காது. வெடிக்குள் போகிற கலவையை எங்கள் ஊரில் மருந்து என்றுதான் சொல்வோம். வெயில் ஏறும்போது எந்த நேரத்தில் வேலையை நிறுத்துவது என்பதுதான் அங்கே பெரிய முடிவு. ஃபோர்மேன் இருக்கிறார், நல்ல மனிதர். ஆனால் ஆர்டர் கழுத்தை நெரிக்கும்போது "போதும், எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று சொல்ல முதலாளி அங்கே நிற்க வேண்டும். அவர் சொன்னது நியாயம் என்று எனக்குத் தெரிந்தது. அதனாலேயே கோபம் இரண்டு மடங்கானது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மகள் நான்கு பேர் என்றிருந்ததை மூன்று பேர் என்று மாற்றித் தேட ஆரம்பித்தாள். அன்றிலிருந்துதான் பையன் மாடி கேட்கத் தொடங்கினான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

வியன்னாவில் பார்த்த வீடுகள் எல்லாம் போயின. பிராக் நகரத்துச் சிவப்பு ஓடுகளைப் பார்த்ததும் படத்தை நகர்த்தச் சொல்லிவிட்டான். மகளுக்குப் பொறுமை என்னைவிட அதிகம். எங்கெங்கோ தேடி, லிஸ்பனில் ஒரு வீட்டைப் பிடித்தாள். வெள்ளைத் தளம், சுற்றிலும் கைப்பிடிச் சுவர், பூந்தொட்டிகள், தூரத்தில் ஆறு. சாட்சாத் மொட்டை மாடி.

"இந்தா. இதுக்கும் மாட்டேன்னா நீ வீட்லயே கிட" என்றாள்.

அவன் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தான். "இதுல மேற்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

"மேற்கு எதுக்குலே உனக்கு?"

"இங்கனருந்து நம்ம கம்பெனி தெரியாதுல்ல?"

அவள் சிரித்துவிட்டாள். "எப்படித் தெரியும்? எம்புட்டுத் தூரம் தெரியுமா?"

"சத்தமும் கேக்காதுல்ல?"

"கேக்காது."

"அப்ப நமக்கு எப்படித் தெரியும்?"

நான் அடுப்படியில் இருந்தேன். கரண்டியை வைத்துவிட்டு வந்தேன். "அப்பாவுக்குப் போன் பண்ணுவோம்லே" என்றேன்.

"அப்பா போன் கேட்லல்ல இருக்கும்" என்றான், எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல.

பட்டாசு கம்பெனிக்குள் யாரும் செல்போன் கொண்டுபோகக் கூடாது. முதலாளியானாலும் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே பகலில் எங்கேயாவது பெரிய சத்தம் கேட்டால், அல்லது ஆம்புலன்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால், அவரைக் கூப்பிட்டு ஒரு பயனும் இல்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கும். அது அடிக்க அடிக்க நமக்கு உயிர் போகும். அதனால் எங்கள் வீட்டில் முதலில் மாடிக்குத்தான் ஓடுவோம். மேற்கே ஒரு செல்போன் டவர், அதற்கு வலது பக்கம், மலைக்கு முன்னால் இருக்கிற வெளிதான் எங்களுடையது. புகை அங்கே எழும்பாமல் வேறு எங்கே எழும்பினாலும் நம்முடையது இல்லை. அப்போது மனசுக்குள் ஒரு நிம்மதி வரும். எனக்கு அந்த நிம்மதியைப் பிடிக்காது. நம்முடையது இல்லை என்றால் வேறு யாரோ ஒருவருடையது. ஆனாலும் அது ஒவ்வொரு முறையும் வந்துவிடுகிறது, வராதே என்றால் கேட்பதில்லை.

பையன் கைக்குழந்தையாக இருந்தபோதே அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் படிகளில் ஓடியிருக்கிறேன். எதையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவன் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறான் என்றே நினைத்திருந்தேன். கடைசியாகச் சத்தம் கேட்டபோது எனக்கு முன்னால் தாவி ஏறியவன் அவன்தான். நான் பாதிப் படி ஏறுவதற்குள் மேலேயிருந்து, "நம்மது இல்லம்மா" என்று குரல் கொடுத்தான். பிறகு இறங்கி வந்து, விட்ட இடத்திலிருந்து தோசையைத் தின்றான். எவ்வளவு தைரியமான பிள்ளை என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன். அது தைரியம் இல்லை, பழக்கம். வீடு என்றால் அதற்கு அடுப்படி வேண்டும், கட்டில் வேண்டும், அப்பா இருக்கிறாரா என்று பார்க்க ஒரு மாடி வேண்டும் என்று அவன் புரிந்து வைத்திருக்கிறான். லிஸ்பனில் போய் நின்றால் அதைப் பார்க்க முடியாது. அவனுக்கு இருந்த சிக்கல் அவ்வளவுதான்.

லேப்டாப்பை மகள் மூடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அவரிடம் நடந்ததைச் சொன்னேன். லிஸ்பன் வரைக்கும் சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு பேப்பரை மடித்தார்.

"சத்தம் கேட்டா நீங்க எல்லாரும் மாடிக்கா போவீக?"

அவர் அதைக் கேட்ட விதத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்குத் தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், எந்தச் சத்தம் கேட்டபோதும் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. அவர் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் ஓடாது. சாயங்காலம் அவர் வரும்போது நாங்கள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்போம். "எங்கனயோ சத்தம் கேட்டுச்சே" என்று நான் சாதாரணமாகக் கேட்பேன். அவரும் சாதாரணமாகப் பதில் சொல்வார்.

"வேற எங்கன போவோம்? நீங்கதான் போனை எடுக்க மாட்டீகளே" என்றேன். கோபத்தில் சொல்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவர் பையனைக் கூப்பிட்டார். "எங்கன நின்னு பார்ப்ப?"

பையன் அவர் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனான். நானும் பின்னால் போனேன். கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பெயிண்ட் வாளியைக் காட்டினான். அது அவன் கிரிக்கெட்டுக்கு ஸ்டம்ப் என்றே நான் நினைத்திருந்தேன். அதன்மேல் ஏறி நின்று, டவரைக் காட்டி, "அதுக்கு இந்தப் பக்கம் வந்தா நம்மது. அந்தப் பக்கம் வந்தா இல்ல" என்று அப்பாவுக்கு விளக்கிவிட்டு விளையாடக் கீழே ஓடிவிட்டான். அவர் அந்த வாளியிலேயே உட்கார்ந்தார். நான் காய்ந்த துணிகளை மடிப்பதுபோல அங்கேயே நின்றேன்.

நாலைந்து நாள் கழித்துச் சாப்பிடும்போது சொன்னார். "தீபாவளி முடிஞ்சு போவோம். நாலு பேரும்."

தீபாவளி முடிந்தால் சீசன் முடிந்தது. ஊரில் எல்லாக் கம்பெனிகளும் சில வாரம் பூட்டித்தான் கிடக்கும். "மே மாசமே பூட்டிட்டு வந்தா என்ன?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"சீசனுக்கு நடுவுல பூட்டுனா வேலை பாக்குறவுக என்ன செய்வாக? அவுக வீட்லயும் பிள்ளைக இருக்கு. மாடி இல்லாததுக ரோட்டுக்குத்தான் ஓடி வரும்." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் எங்கே சத்தம் கேட்டாலும், நம்முடையது இல்லையென்றால் உடனே எங்கள் வீட்டுக்கும், வேலை பார்ப்பவர்கள் குடியிருக்கும் ஊர் டீக்கடைக்கும் வாட்ச்மேன் போன் பண்ண வேண்டும் என்று அந்த வாரத்திலிருந்து சொல்லி வைத்திருக்கிறார். ஒரு போன் எவ்வளவு தூரம் உதவும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

அப்புறம் எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சண்டை. பரீட்சை நெருங்குகிற நேரத்தில் ஊர் சுற்றப் போவதா என்றார் தலைமையாசிரியை. அவர் கேட்டது சரி. நான் விடாமல் பேசியதும் சரி. திரும்பி வந்து எல்லாவற்றையும் எழுதி முடிக்க வேண்டும் என்ற கண்டிப்போடு லீவு கிடைத்தது.

மகள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நவம்பர் வியன்னா வேறு ஊர். சாயங்காலம் வருவதற்குள் இருட்டிவிடும், தோட்டங்களில் பூ இருக்காது, கையுறை இல்லாமல் வெளியே போக முடியாது. பதிலுக்குக் கிறிஸ்துமஸ் சந்தைகள் உண்டு, விளக்கு போட்ட ராட்டினம் உண்டு. வெளியே சுற்றும் வேலையெல்லாம் காலையில், இருட்டியபின் மியூசியம் என்று திட்டத்தைத் தலைகீழாக மாற்றினாள். மூன்று பேரை மறுபடியும் நான்கு பேராக்கினாள்.

வீடு பார்க்கிற அன்றைக்கு அவர் சீக்கிரமே வந்துவிட்டார். நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். தம்பிக்குப் பயந்து மகள் மாடி இல்லாத வீடுகளை வேகமாகத் தள்ளிக்கொண்டே போனாள். "நில்லு, நில்லு" என்றான் அவன். கூரைக்கு நேர் கீழே இருக்கும் ஒரு சின்ன வீடு. உத்தரம் தலையில் இடிக்கும்போல இருந்தது. கூரைச் சரிவில் பதித்த ஒரு கண்ணாடி, அதற்குக் கீழே கட்டில். அந்தக் கண்ணாடி வழியாக ஆகாயம் தவிர எதுவும் தெரியாது.

"இதுதான் வேணும்" என்றான்.

"ஏலே, இதுல மாடி இல்லையே?" என்றார் அவர்.

"கம்பெனிதான் பூட்டியிருக்கும்ல. நீங்களும் எங்க கூடத்தான இருப்பீக. மாடி எதுக்கு?"

சொல்லிவிட்டு, அந்தக் கண்ணாடியில் பனி விழுமா என்று அக்காவைக் கேட்க ஆரம்பித்தான். "புக் பண்ணிரு பாப்பா" என்றார் அவர். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர், வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.