புள்ளிக்கு அப்புறம்

"ஏனுங்க, இன்னைக்கு ஸ்டெல்லா அம்மணி போனே வரலீங்களே?" என்று பெருந்துறையிலிருந்து பழனிசாமி கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. சாயப்பட்டறை பாய்லர் ஆபரேட்டர் அவர். அவர் குரல் சரியில்லை என்று பட்டதால் ஸ்டெல்லா வீட்டுக்குப் போன் அடித்தேன். அவள் கணவர் எடுத்தார். பேச முடியாமல் அழுதார். தூக்கத்திலேயே போய்விட்டாள்.

பீளமேட்டு அலுவலகத்தில் அவளோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் அவள் சிரிப்பைச் சொல்கிறீர்கள். எனக்கு அவள் முகம் வெளிறிப்போன ஒரு காலைதான் நினைவுக்கு வருகிறது.

அந்தப் பட்டறையின் பாய்லர் அழுத்தத்தைத் திரையில் காட்டும் புரோகிராமை எழுதியவள் அவள்தான். தசமப் புள்ளியெல்லாம் வேண்டாம், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி ஒரே எண் போதும் என்றார் பட்டறை முதலாளி. அவளும் அளவை முழு எண்ணாக மாற்றிவிட்டாள். அந்த எண் பத்தைத் தாண்டினால் அலாரம் அடிக்கும். அன்று வேறொரு வேலைக்காக அதே முறையில் 10.9 போட்டுப் பார்த்தாள். பத்து என்று வந்தது.

"ரேவதி, இது பதினொண்ணு ஆகாது. புள்ளிக்கு அப்புறம் இருக்கறத வெட்டிப்போட்டுது. பெருந்துறைல அலாரம் அடிக்காது."

பழனிசாமி போனை எடுக்கவில்லை. பாய்லர் இரைச்சலில் எங்கே கேட்கும்? விடாமல் அடித்தாள். ஒருவழியாக எடுத்தார்.

"பத்துதானுங்க காட்டுது அம்மணி, ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க."

"திரைய உடுங்க. பாய்லர் மீட்டர்ல முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க."

போனில் இரைச்சல் மட்டும் கேட்டது. அவள் பிடித்த பிடியில் என் மணிக்கட்டு வலித்தது.

"செவப்புலீங்க."

"தீயக் கொறைங்க. எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க."

முள் இறங்கும்வரை போனை வைக்கவில்லை. பிறகு முதலாளியிடம், "தப்பு என்னுதுங்க" என்று அவளே சொன்னாள். புள்ளி வேண்டாம் என்றவரே அவர்தானே என்று நான் வாயெடுத்தேன். முறைத்தாள். "புள்ளிக்கு அப்புறம் ஒரு ஆளு நின்னுட்டிருந்தாரு, ரேவதி."

புரோகிராமை அன்றே திருத்திவிட்டாள். ஆனாலும் தினமும் காலையில் பழனிசாமிக்கு ஒரு போன். பாய்லருக்கு குட்மார்னிங் சொல்கிறாள் என்று நாம் எத்தனை கேலி செய்தோம்!

அடக்கம் முடிந்த மறுநாள் அதே நேரத்துக்கு நான் பெருந்துறைக்கு அடித்தேன். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த வேலையைத்தான். "முள்ளு எங்கீங்க நிக்குது?" என்றேன்.

"ஒம்பதரைங்க" என்றார் பழனிசாமி, மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து. "அரையையும் சேத்துச் சொல்லோணும்னு அம்மணி சொல்லுவாங்க."