அம்மன் கோயிலில் கட்டிய கப்பல் மணி

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தள்ளிப் போட்டேன். எழுத உட்காருவேன், எங்கள் கோயில் கங்கையம்மன் முகம் கண்ணில் வரும், எழுந்துவிடுவேன். அவள் பொருளைப் பற்றிப் பேசுவதே குற்றமோ என்று பயம். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் நான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே எங்கள் குப்பம். எந்தக் காலத்திலோ முழுகிப்போன கப்பல் ஒன்று எங்கள் கடலில் மணலுக்குள் கிடக்கிறது. ஐம்பதுகளில், எனக்குக் கல்யாணமான புதிதில், எங்கள் வீட்டுக்காரர் வலை அதில் மாட்டிக்கொண்டது. விடுவிக்க முங்கினவர், சிப்பி அப்பிக் கிடந்த வெண்கல மணி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்.

மீன் அல்லாமல் கடல் எதைக் கொடுத்தாலும் அது அம்மனுக்கு. எங்கள் வழக்கம் அது. புளி போட்டுத் தேய்த்தோம். வேற்று நாட்டு எழுத்து தெரிந்தது. பூசாரி மாமா முகத்தைச் சுளித்தார்.

"எவன் பேரோ, இன்னா எழவோ! இத்தோட அம்மா முன்னாடி கட்டக்கூடாது. ராவிடுப்பா."

அரம் வாங்கிவந்து வீட்டுக்காரர் சுத்தமாக ராவினார். மஞ்சள் பூசிக் கோயிலில் கட்டினோம். தினம் பூசைக்கு அடித்தோம்.

திருக்கழுக்குன்றம் சந்தையில் பக்கத்துக் கடைக்காரி என்னைக் கிண்டினாள். "உன் வூட்டுக்காரருக்குக் கப்பல்ல தங்கம் கெடச்சுதாமே? நீ இன்னாடி இன்னும் கருவாடு கூறு கட்டிகினு கீற?" நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

செங்கல்பட்டிலிருந்து ஓர் அதிகாரி, போலீஸ்காரர் ஒருவரோடு ஜீப்பில் வந்து இறங்கினார். நேரே கோயிலுக்குப் போய் மணியைத் தடவினார். வழவழவென்று இருந்த இடத்தில் கை நின்றது.

"இங்கே என்ன இருந்தது?"

"எழுத்துங்க. நான்தான் ராவுனேன்" என்றார் வீட்டுக்காரர், நல்ல காரியம் செய்தவர்போல.

அதிகாரி முகம் மாறிவிட்டது. "கப்பல் முழுகினாலும் உடையவன் உரிமை போய்விடாதய்யா. எடுத்தவன் சர்க்காரில் ஒப்படைக்கணும். உடையவன் வந்து கேட்க ஒரு வருஷம் கெடு. எடுத்தவனுக்குக் கூலியும் உண்டு. நீ அடையாளத்தையே அழித்திருக்கிறாய். இதற்கு ஜெயில் தெரியுமா?"

அதற்குள் போலீஸ்காரர் கோயிலை ஒட்டியிருந்த எங்கள் குடிசைத் தரையைக் கடப்பாரையால் கிளறிக்கொண்டிருந்தார். "தங்கத்த எங்கடா வச்சிகினு கீற?" அரிசிப் பானையைக்கூடக் கவிழ்த்தார்.

அதிகாரி மணியை அவிழ்க்கச் சொன்னார். பூசாரி மாமா குறுக்கே நின்றார். "அம்மனுக்குக் குடுத்தத அவுத்தா கடல் சும்மா வுடாது, சாமி." இந்தப் பக்கம் ஜெயில், அந்தப் பக்கம் அம்மன். எந்தப் பக்கம் போனாலும் போகப்போவது என் புருஷன் என்று எனக்குத் தோன்றியது.

ஆம்பளைகள் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள், அன்று எப்படியோ திறந்துவிட்டேன். "ஒளிக்கிறவன் கோயில்ல கட்டி ஊரே கேக்க அடிப்பானா சாமி?"

அதிகாரி மணியின் நாக்கைப் பிடித்து ஒரு தரம் அடித்தார். சத்தம் கேட்டதும் நின்றிருந்தவர்கள் எல்லாரும் எங்களை அறியாமல் கை கூப்பினோம். தூரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து கூப்பினார்கள். அவர் சுற்றிலும் பார்த்தார். போலீஸ்காரரைக் கூப்பிட்டு, "போதும், வெளியே வாய்யா" என்றார்.

மணியோடு போனார்கள். வீட்டுக்காரரைப் பிடித்துப் போகவில்லை.

அந்த வருஷம் முழுக்க நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும். கட்டுமரம் கரை ஏறும்வரை சோறு இறங்காது. காற்றடித்தால் அம்மன் கேட்கிறாள் என்று நினைப்பேன், ஜீப் சத்தம் கேட்டால் சர்க்கார் கேட்கிறது என்று நினைப்பேன். உடையவன் யாரும் வரவில்லை. மணி சர்க்காருக்கே போயிற்று. கூலி வாங்க வரச்சொன்னார்கள். "அம்மன் பொருளுக்கு நான் கூலி வாங்குறதா?" என்று வீட்டுக்காரர் போகவே இல்லை. ஆயுசோடு இருந்து, வீட்டிலேயே கண்ணை மூடினார். அது அவள் கருணை.

இப்போது எங்கள் குப்பத்துப் பையன்கள் அந்தக் கப்பலில் தங்கம் இருக்கிறதென்று முங்கக் கிளம்புகிறார்கள். என் தரையைத் தோண்ட வைத்த அதே பேச்சு. அதனால்தான் பயத்தை மீறி எழுதினேன். கிடைத்தது மணி ஒன்றுதான். இதை யாருக்குச் சொன்னாலும் மணி என்றே சொல்லுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒரு குண்டுமணித் தங்கம்கூடச் சேர்த்துவிடாதீர்கள்.