மூத்தவளுக்கு நட்ட கல்

நான் இரண்டாந்தாரமாக வாக்கப்பட்டவள். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பக்கத்தில் கங்காணி பெண்சாதி என்றால் அந்தக் காலத்தில் லயத்து வரிசை வீட்டுச் சனம் எழுந்து நின்று பேசும். இப்போது பதுளை வரைக்கும் ரயில் வந்துவிட்டது. அப்போது கால்நடைதான், இல்லாவிட்டால் மாட்டு வண்டி. கோப்பிச் செடியெல்லாம் நோய் விழுந்து பட்டுப்போய், அதைப் பிடுங்கிவிட்டு மலை மலையாகத் தேயிலை வைத்து முடித்த சமயம் அது.

என் தாலிக்கயிற்றில் தாலியோடு இன்னொரு சின்னப் பொன் பொட்டும் கோத்திருந்தது. மூத்தாள் பொட்டு என்போம். செத்துப்போன முதல் தாரத்தை நினைத்து, பின்னால் வருகிறவள் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். நீதான் மூத்தவள், நான் உனக்குத் தங்கச்சி, என்னையும் என் வயிற்றுப் பிள்ளையையும் ஒன்றும் செய்துவிடாதே என்று அவளிடம் கேட்டுக்கொள்கிற மாதிரி. மிளகளவு பொட்டுதான். எனக்கு என்னவோ கழுத்தைக் கீழே இழுப்பது போலவே இருக்கும்.

முதல் பிள்ளை கலைந்துபோனது. இரண்டாவதும் கலைந்தது. மூன்றாவது தங்கினபோது சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கக் குனிந்தால், பின்னால் யாரோ குடத்தோடு தன் முறைக்குக் காத்து நிற்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் பனி மட்டும்தான் இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. கங்காணி பெண்சாதி பயந்தாள் என்று லயம் பேசக்கூடாது அல்லவா?

பசறையில் உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி ஒருவர் இருந்தார். சந்தைக்குப் போகிற சாக்கில் அவரிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"ஒருத்தி உன் வாசல்ல நிக்கிறா தாயி. வெறும் ஆளா நிக்கல, சுமையோட நிக்கிறா. எறக்கி வைக்க எடம் கேக்குறா."

சுமை என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் சனத்தில் ஒருத்தி வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனால், அவள் பேரில் வழியோரம் சுமைதாங்கிக் கல் நட வேண்டும். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போடுவது. பாரத்தோடு போகிறவர்கள் அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போது அவளுடைய வயிற்றுப் பாரமும் இறங்கும். நடாவிட்டால் அவள் சுமந்துகொண்டே திரிவாள். நிறைவயிறாக இருக்கிறவளைக் கண்டால் விடமாட்டாள்.

மூத்தவள் எப்படிச் செத்தாள் என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். காய்ச்சல் என்றார். என்னைப் பெண் கேட்டு வந்தபோது என் அண்ணனிடமும் அதையே சொன்னவர்தான். எங்கே புதைத்தீர்கள் என்றதற்குக் கீழ்மலை என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

கீழ்மலையில் நான் நாள் தவறாமல் கொழுந்து கிள்ளினேன். அங்கே ஒரு சமாதியையும் கண்டதில்லை. என் நாத்தனாரைக் கேட்டேன். வீட்டுக்காரருக்கு அக்கா, விதவை, எங்களோடுதான் இருந்தார். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கையை நீட்டினார்.

"அந்தா, தண்ணிக் கான் ஓரத்துல செடி மட்டும் கருகருன்னு வளந்து கெடக்குல்ல, அதுதான் கோப்பிக் காலத்துச் சுடுகாடு. தேயிலை வைக்கிறப்ப தொரை அது மேலயும் சேத்து வச்சுப்புட்டாரு."

அந்த இடத்தில் கூடை சீக்கிரம் நிறையும் என்று மற்றப் பெண்களை முந்திக்கொண்டு போய் நிரை பிடிப்பவள் நான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். தேயிலைக் கறை அவ்வளவு லேசில் போகாது.

எந்த வருஷம் என்றாவது தெரிந்தால் பதுளைச் சர்க்கார் கச்சேரியில், செத்தவர் பதிவைப் பார்க்கலாம் என்று அண்ணன் சொன்னான். அண்ணன் பதுளைக் கடைத்தெருவில் சாமான் கடை வைத்திருந்தான். நாத்தனாருக்கு வருஷக் கணக்குத் தெரியாது. பழைய துரையின் இளம் பெண்சாதி செத்த அதே மழையில்தான் இவளும் போனாள் என்று மட்டும் நினைவு வைத்திருந்தார். அதனால் அண்ணனும் நானும் துரைமார் சுடுகாட்டுக்குப் போய் அந்தத் துரைச்சாணியின் கல்லைத் தேடிப் பிடித்தோம். இன்னார் மகள், இன்னார் பெண்சாதி, வயது என்ன என்று எல்லாமே வெட்டியிருந்தது. அண்ணன் வருஷத்தைப் பார்த்துக்கொண்டான். எங்கள் ஆளுக்கென்று ஒரு கூழாங்கல்கூட இல்லை. வெள்ளைக்காரச்சி கல்லைப் பார்த்துத்தான் அவள் செத்த வருஷத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கச்சேரியில் இருந்த ஐயா புத்தகத்தைப் புரட்டிப் படித்துச் சொன்னார். கங்காணி பெண்சாதி. பிறந்தது திருச்சிராப்பள்ளிச் சீமை. வயது பதினெட்டு. நோய், காய்ச்சல். தகவல் கொடுத்தவர் புருஷன்.

அண்ணனுக்கு முகம் தெளிந்துவிட்டது. "கவர்மெண்டே எழுதி வச்சிருக்கு தங்கச்சி. பேசாம போயி நல்லாச் சாப்புடு" என்றான். நானும் தலையை ஆட்டினேன். எனக்கும் அப்போது வயது பதினெட்டுதான். மலை ஏறி வருகிற வழியெல்லாம் அதே நினைப்பாக இருந்தது. புருஷன் சொன்னதைத்தானே புத்தகத்தில் எழுதியிருப்பார்கள்?

ஆடி மாதம் பிறந்தது. வருஷா வருஷம் ஆடி வெள்ளியில் மூத்தவளுக்கு வீட்டில் படையல் போடுவோம். இளையவள் பார்க்கக்கூடாது என்று சொல்லி நாத்தனார் என்னை வெளியே அனுப்பிவிட்டு, தானே எல்லாம் செய்வார். அந்த வருஷம் எனக்கு ஏழாம் மாதம். கால் வீங்கிக் கிடந்ததால் வெளியே போக முடியாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே புதுச் சேலை, பூ, வளையல், பெரிய வாழையிலை நிறையச் சோறு, கறி, குழம்பு. அதை ஒட்டினாற்போல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன இலைத்துண்டு. அதில் காரமில்லாமல் பாலில் குழையப் பிசைந்த சோறு கொஞ்சம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனேன்.

"சின்ன எலை யாருக்கு மதினி?"

காக்காய்க்கு என்றார்.

"காக்காய்க்குப் பால்சோறா பெசஞ்சு வைப்பீங்க?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார். மூத்தவளுக்கு அது ஒன்பதாம் மாதம். பேய் மழை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த மருத்துவச்சியைக் கூட்டிவர முடியவில்லை. பிள்ளை வெளியே வரவே இல்லை. தாயையும் பிள்ளையையும் பிரித்துப் புதைப்பதுதான் முறை, அதைச் செய்யவும் ஆள் கிடைக்கவில்லை. அப்படியே புதைத்துவிட்டார்கள். வெளியே தெரிந்தால் தம்பிக்கு எவன் பெண் கொடுப்பான் என்று காய்ச்சலாக்கி விட்டார்கள். கல் நட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அதனால் நடவில்லை.

"எனக்கு மனசு கேக்கல. அதான் அந்தச் சிசுவுக்கும் ஒரு வாய் வச்சுக்கிட்டு வாரேன். உனக்கு ரெண்டு புள்ள கலைஞ்சப்பவும் காரணம் எனக்குத் தெரியும், தெரிஞ்சும் வாயத் தொறக்கல" என்றார்.

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அந்த வீட்டில், அந்தப் பாயில்தானே நானும் படுத்துக் கிடக்கிறேன்.

சாயந்தரம் வீட்டுக்காரர் மலையிலிருந்து வந்தார். கல் நட வேண்டும் என்றேன். பத்து வருஷத்துக்கு முந்திய சமாசாரத்தை இப்போது கிளறினால் தோட்டமே சிரிக்கும், கங்காணி பொய்யன் என்று ஆகிவிடும் என்றார். நான் அவரை எதிர்த்துப் பேசியவள் இல்லை. அன்றைக்குப் பயம் பேசவைத்தது.

"நானும் இப்படியே போயிட்டா, அடுத்து வாரவளுக்கு ரெண்டு பொட்டு செய்யணுங்க. ரெண்டு பொட்டு கட்டிக்கிறதுக்கு எவ வருவா?"

சோற்றில் கை வைத்தவர் வைத்தபடியே இருந்தார். நாத்தனார் அடுப்படியிலிருந்து, "அவ கேக்குறதச் செய்யிடா" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே வீட்டுக்காரர் கல் உடைக்கிற ஆட்களைக் கூப்பிட்டார். பசறைக்குப் போகிற பாதை திரும்புகிற இடத்தில், அரிசி மூட்டை சுமந்து வருகிறவர்களுக்கு மூச்சு முட்டுகிற ஏற்றத்தில் கல்லை நட்டோம். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, அவள் பேரைச் சொல்லித் தேங்காய் உடைத்தார். லயத்துச் சனம் எல்லாம் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. முதலில் வந்த ஆள் மூட்டையை அதன் மேல் இறக்கிவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தான். எல்லாரும் அவளுக்குப் பாரம் இறங்கியது என்றார்கள். என் பயம் இறங்கவில்லை. கல்லைத் தாண்டிப் போகிறபோதெல்லாம் வயிற்றைச் சேலையால் மூடிக்கொண்டுதான் போவேன்.

மாதம் நிறைந்து ஒரு மத்தியானம் வலி கண்டது. வெயில் அடித்தது, ஆறு வற்றிக் கிடந்தது, மருத்துவச்சி நேரத்துக்கு வந்துவிட்டாள். அப்படியும் கண்ணைத் திறக்க எனக்குத் தைரியம் இல்லை. கண்ணைத் திறந்தால் மூலையில் அவள் உட்கார்ந்திருப்பாள் என்றே நினைத்தேன். பிள்ளை விழுந்த சத்தம் கேட்டது, அழுகை கேட்கவில்லை. யாரோ முதுகில் தட்டினார்கள். பிறகுதான் அழுதது.

பெண்பிள்ளை என்றார்கள். நாத்தனார் வாங்கித் துடைத்து, வெளிச்சத்தில் காட்டி நெடுநேரம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

"யாரு சாடை மதினி?" என்றேன்.

"பசிச்ச புள்ள சாடை" என்று என் மாரில் கிடத்தினார். "பாலக் குடு."

கொடுத்தேன். பயம் போகவில்லை. ஆனாலும் பிள்ளையைக் கீழே விடவில்லை.