வீட்டில் என்ன மொழி?

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கு எதிரே பேருந்துக்காக நிற்கிறேன். என் கையிலிருக்கும் தமிழ் நாளிதழைப் பார்த்துவிட்டு ஒரு பெண் அருகில் வருகிறார். பெயர் செல்வி, வீடு நீலசந்திராவில். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்திருக்கிறார். தாயிடமும் ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்களாம்.

"அக்கா, மிஸ் மாதிரி ஏதாச்சும் கேளுங்களேன்."

வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்கிறேன்.

செல்விக்குக் கேள்வி புரிகிறது. முகம்தான் வாடுகிறது. "தமிழ்னு சொன்னா சீட் குடுப்பாங்களா?"

"உள்ளதைச் சொல்லுங்க."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறார். என் பேருந்து வருகிறது. ஏற மனம் வரவில்லை.

சற்று நேரத்தில் செல்வி ஓட்டமும் நடையுமாக வெளியே வருகிறார்.

"சீட் கெடச்சிடுச்சிக்கா! அதேதான் கேட்டாங்க. வீட்ல தமிழ், பக்கத்து வீட்ல கன்னடம், கடையில உருதுன்னு எல்லாத்தையும் இங்கிலீஷ்லயே சொல்லிட்டேன்!"